இரவலும் விலையும்

வாப்பா வாங்கிய நூலைப் பிள்ளைகள் படிப்பதும், பிள்ளைகள் அதனை அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுப்பதும் பதிப்பாளரின் அனுமதி பெற்றுச் செய்யும் காரியங்கள் அல்ல. விற்றுவிட்ட நூலின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அந்நாட்டுப் பொது நூலகங்கள் அச்சு நூல்களைத் தடையின்றி இரவல் தருவதும் இத்தகைய உடைமையுரிமையின் பலத்தில்தான்.

மின்னூல் வந்தபோது இவ்வுரிமை ஓசையின்றி நழுவிற்று. நூலகம் மின்னூலை வாங்குவதில்லை. பயன்படுத்தும் உரிமத்தையே பெறுகிறது. ஹார்பர் காலின்ஸ் பதிப்பகம் 2011இல், 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என விதித்தது. அச்சு நூல் நைந்துபோவதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நையாத பொருளுக்கு விதியினாலே நைவை உண்டாக்கிய விந்தையை என்னென்பது!

அதனினும் கடுமையானது, மாக்மில்லன் பதிப்பகத்தின் அமெரிக்கப் பிரிவு 2019 ஜூலையில் அறிவித்து, நவம்பர் முதல் தேதி நடைமுறைப்படுத்திய ஏற்பாடு. புதிய நூல் வெளியான முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்பு ஒரே ஒரு மின்படிதான் பெறலாம். விலை 30 டாலர். சிற்றூர் நூலகத்துக்கும் ஒரு படி, பல இலட்சம் மக்களுக்குப் பணிபுரியும் மாநகர நூலகத்துக்கும் ஒரு படி! எட்டு வாரம் கழிந்தபின் கூடுதல் படிகள் கிடைக்கும். படி ஒன்றுக்கு 60 டாலர், அதுவும் ஈராண்டுக்கு மட்டும்.

அமெரிக்காவில் படிக்கப்படும் மாக்மில்லன் மின்னூல்களில் 45 விழுக்காடு நூலகங்களிலிருந்து இலவசமாகப் பெறப்படுவதாகத் தலைமை நிர்வாகி ஜான் சார்ஜென்ட் எழுத்தாளர்களுக்கு எழுதினார். எழுத்தாளன் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. வீட்டிலிருந்தபடியே இரவல் பெறும் வசதி விற்பனையைக் குறைக்குமோ என்ற அச்சமும் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இரவல் பெற்றவர் அனைவரும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்பதற்கு அந்த விழுக்காடு சான்றாகாது.

'இலவசம்' என்ற சொல்லையும் நாம் ஏற்பதற்கில்லை. ஒரு படியை ஒரு நேரத்தில் ஒருவரே படிக்கலாம். இரு வாரத்துக்கு ஒருவர் வீதம், இடைவெளியே இன்றிக் கைமாறினாலும் ஈராண்டில் 52 பேர். அறுபது டாலரை அவர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது. அது வரிசெலுத்துவோரின் பணம். பழைய நூல்களின் உரிமத்தைப் புதுப்பிக்கவே அப்பணம் கரைந்தால், அறிமுகமற்ற எழுத்தாளரின் முதல் நூலை வாங்க நூலகத்திடம் எஞ்சுவது என்ன? எழுத்தாளர் நலத்துக்காகப் போடப்பட்ட வேலி எழுத்தாளரையே குத்துகிறது.

வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டி நூலக அமைப்பு முதலிய சில, மாக்மில்லனின் புதிய மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. கொள்ளைநோயால் நூலகங்கள் மூடப்பட்டுவந்த வேளையில், 2020 மார்ச் 17 அன்று அந்த எட்டு வாரக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. நூலகங்களுக்கு நியாயமான நிபந்தனைகளில் மின்னூல் உரிமம் வழங்கவேண்டும் என மேரிலாந்து மாநிலம் 2021இல் இயற்றிய சட்டமோ, கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துடன் முரண்படுகிறது என்று 2022இல் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. உரிமத்தின் விலையையும் தவணையையும் குறிக்கும் அதிகாரம் பதிப்பாளர் கையிலேயே நின்றுவிட்டது. தவணை முடிந்ததும் நூலகப் பட்டியலிலிருந்து மின்னூல் மறைகிறது. முழு விலையும் கொடுத்திருந்த நூலகம், வேண்டுமாயின் அதே நூலுக்கு மீண்டும் பணம் கட்டவேண்டும்.