காதால் வாசித்த வேதம்

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. பொறையாருக்குப் பக்கத்துக் கிராமம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, முக்காடு போட்டு உட்கார்ந்து, என்னை வாசிக்கச் சொல்வார். 126ஆம் சங்கீதத்தில் வரும் ‘கெம்பீரத்தோடே’ என்ற சொல்லை நான் பேச்சுவாக்கில் ‘கெம்பீரத்தோட’ என்று முடித்துவிடுவேன். மூடிய கண்ணைத் திறக்காமலே, “‘தோடே’ன்னு வாசிய்யா” என்பார். அதன்பின் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார். சற்றுமுன் நான் வாசித்த சொற்கள் அந்த ஜெபத்தில் திரும்பி வரும். நடுநடுவே மாட்டுக்கு வந்த காய்ச்சல், மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வராத கவலை, பெரியப்பாவின் கடன் எல்லாம் இருக்கும்.

வாசிப்பு எங்கே முடிந்தது, ஜெபம் எங்கே தொடங்கியது என்று அந்த வீட்டில் கோடு கிழிக்க முடியாது. காவிரிப் படுகையின் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றை இத்தனை வருடம் படித்துவந்ததில், அந்த இடத்தைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன் 1967இல் எழுதிய தமிழ் வேதாகம வரலாறு இன்றும் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம். எந்தச் சொல் எந்தத் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) நுழைந்தது, எதற்காக வெளியேறியது என்பதை அவ்வளவு பொறுமையாக விளக்கியவர் வேறொருவரை நான் படித்ததில்லை. டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட நூல், தஞ்சைச் சபையாரின் மனத்தாங்கல்களை அவர்கள் எழுதிவைத்த தாள்களிலிருந்தே எடுத்துச் சொன்னது. தரங்கம்பாடி மிஷன் என்றாலே ஜெர்மானியப் பாதிரிமார் என்றிருந்த நிலையை மாற்றி உபதேசியார்களையும் வாத்தியார்களையும் முன்னால் நிறுத்தியவர் ஹைக்கே லீபாவ். வேதாகம மொழிபெயர்ப்பு எப்படிப் புராட்டஸ்டண்டுத் தமிழரின் அடையாளமாயிற்று என்று 2011இல் ஹெப்சிபா இஸ்ரேல் ஆராய்ந்தார். தரங்கம்பாடி மிஷனின் முன்னோடி சீகன்பால்குவைப் பற்றி டேனியல் ஜெயராஜும், வேதநாயகம் சாஸ்திரியாரின் குறவஞ்சியைப் பற்றி இந்திரா விசுவநாதன் பீட்டர்சனும் எழுதியவை தனிச் சிறப்புடையவை. ஆனாலும் புத்தகம் அச்சாகி வெளியே வரும்வரை கூடவே நடக்கும் ஆய்வு, அது ஒரு கூடத்தில் உரக்க வாசிக்கப்படும் நேரத்தில் வாசலோடு நின்றுவிடுகிறது.

தமிழில் அச்சேறிய முதல் நூல்களே வாயால் சொல்வதற்கென்று வந்தவை. 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட சிறுநூலும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வந்த ‘தம்பிரான் வணக்க’மும் ஜெபங்களையும் ஞானோபதேசத்தையும் மனப்பாடம் செய்விக்கப் பிறந்தவை. அதற்கும் முன்பு, 1540களில், முத்துக்குளித்துறையில் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தாமே அரைகுறையாகக் கற்ற தமிழில் ஜெபங்களைச் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தமிழ்க் கிறிஸ்தவன் முதலில் கேட்டான், பிறகு சொன்னான், அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் வாசித்தான்.

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்குவும் அந்த வழியாகத்தான் தமிழுக்குள் நுழைய வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, எழுதியதை வாய்விட்டுச் சொல்லிக் கற்றார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தென்பது ஓசையோடு சேர்ந்தே வருவது. 1708இல் புதிய ஏற்பாட்டைத் திருப்பத் தொடங்கினார். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின, முழுப் புதிய ஏற்பாடு 1715இல். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபின், 1719இல், 36 வயதில் அவர் இறந்தார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த பாதிரி சூல்ச். அச்சுக்கூடத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே நீட்டவில்லை. நான் நிற்க விரும்புவது அந்த அச்சுப் புத்தகம் போய்ச் சேர்ந்த ஒரு கையிடம்.

ராஜநாயக்கன் தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் 1720களில் அவர் கைக்குக் கிடைத்தது. ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சைச் சீமைக்குள் நுழைய அரசின் அனுமதி எளிதில் கிடைக்காத காலம் அது. அவர்கள் போக முடியாத ஊருக்குப் புத்தகம் போய்விட்டது. படித்தவர் தாமே தரங்கம்பாடிக்கு ஆளனுப்பித் தொடர்பு தேடினார், பிறகு தஞ்சைப் பகுதிக்கு உபதேசியாரும் ஆனார். உபதேசியார் வேலை என்பது ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டுவது, கேட்டவர்களுக்கு விளக்குவது, சேர்ந்து ஜெபிப்பது. எழுத்தறியாத பண்ணையாட்கள் நிறைந்த நெல்வயல் கிராமங்களில் வேதம் இவர்களுடைய தொண்டையில்தான் குடியிருந்தது.

1733 டிசம்பர் 28இல் கடலூர் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741இல் இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. அவர் பறையர் குலத்தவர் என்பதால், அவர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி, வேறொருவரைக் குருவாக்கினார்கள். அவர் வாசித்தால் கேட்கலாம், ஜெபித்தால் ஆமென் சொல்லலாம், அப்பத்தை மட்டும் அவர் கையால் வாங்கக்கூடாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும். காதுக்கு இல்லாத தீட்டைக் கைக்கு வைத்த சபை, தான் வாசித்ததைத் தானே கேட்கவில்லை.

வேதத்தை வாய்விட்டு வாசிப்பதை எழுத்தறிவுக் குறைவின் அடையாளமாகச் சிலர் கருதுகிறார்கள். அது சரியில்லை. அகஸ்டின் தம் ‘பாவ அறிக்கை’யில், மிலான் நகர ஆயர் அம்புரோஸ் நாவு அசையாமல் வாசித்ததைப் பார்த்ததைத் தனியாகக் குறித்துவைக்கிறார். அவர் காலத்தில் கண்ணால் மட்டும் வாசிப்பது அவ்வளவு சாதாரணமில்லை. இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கும் மனிதனை முதலாம் சங்கீதம் பேசுகிறது. தமிழில் ‘தியானம்’ என்று வாசித்தவுடன் நமக்கு மௌனம் நினைவுக்கு வருகிறது. எபிரேயத்தில் அங்கே இருக்கும் வினை ‘ஹாகா’. ஏசாயா புத்தகத்தில் இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் புறா புலம்புவதற்கும் அதே சொல்தான். அந்தத் தியானம் தொண்டையில் சத்தமுள்ளது. அதற்கு நேரான தமிழ் வேண்டுமென்றால் நமக்கு ‘ஓதுதல்’ இருக்கிறது. தேவாரம் பாடுகிறவரை ஓதுவார் என்று அழைக்கும் நாடு இது. திருவாசகத்தை ஒரே அமர்வில் முற்றோதும் ஊர்க்காரனுக்குச் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

திருத்தங்கள் வந்தபோதெல்லாம் இங்கே இவ்வளவு வலி எழுந்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 1740இல் தரங்கம்பாடி வந்து பின்பு சென்னையில் வாழ்ந்த பாதிரி பேப்ரிசியஸ், முழங்காலில் நின்று வேதத்தைத் திருப்பினார் என்று சபைகளில் சொல்லிவருவார்கள். பழைய ஏற்பாடு அவர் இறந்தபின், 1796இல், தரங்கம்பாடியில் வெளிவந்தது. அந்த நடை தஞ்சை மக்களின் நாக்கில் படிந்துவிட்டது. 1820களில் ரேனியுஸ் பாதிரி முதலானோர் எளிய நடையில் புதிதாகத் திருத்தியபோது அதை எதிர்த்து உரக்க எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர், சரபோஜி மன்னரின் தோழர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவருடைய எதிர்ப்பைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஜெபம் செய்கிறவன் தன் சொல்லைப் புத்தகத்தில் தேடுவதில்லை, அது வாயில் ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்தில் சொல்லை மாற்றுகிறவர், முழங்காலில் நிற்கிறவனின் வாயிலிருந்து அதைப் பிடுங்குகிறார். 1871இல் ஐக்கியத் திருப்புதல் வந்தபின்பும் லுத்தரன் சபைகள் பேப்ரிசியஸை நெடுங்காலம் விடவில்லை.

அதே சாஸ்திரியார், கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்துக்கும் பரிந்து எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை நிறுத்தச் சொன்னபோது தஞ்சையில் பெரும் பிளவு வந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவன் நான். அவற்றில் பல 1853இல் எட்வர்டு வெப் தொகுத்த புத்தகத்தின் வழியாகத் தமிழ்நாடெங்கும் பரவின. அந்தப் பாட்டின்மேல் உள்ள அன்பு அந்த வழக்கின்மேல் உள்ள வருத்தத்தைக் குறைக்கவில்லை.

வாய்விட்டுச் செய்யும் ஜெபத்தின் மொழியைப் பற்றித் தனி ஆய்வு ஒன்று வர வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் மாமனாரை ‘நீங்க’ என்பார்கள், பிள்ளையை ‘நீ’ என்பார்கள். ‘நீர்’ என்று வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முழங்கால் போட்ட உடனே அதே வீட்டுப் பெண் ‘நீர்’, ‘உம்மை’, ‘தந்தருளும்’ என்கிறார். தேவாரம் இறைவனைப் பல இடங்களில் ‘நீ’ என்று உரிமையோடு அழைத்தது. கிறிஸ்தவத் தமிழ், மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த ஒரு பழைய சொல்லை எடுத்துக் கடவுளுக்கென்று ஒதுக்கிவைத்தது. அந்தச் சொல் வேதத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. அதனால்தான் வேதம் கேட்காமல் வளர்ந்தவனுக்கு ஜெபத்தில் நாக்கு தடுமாறுகிறது. அதற்குப் பிறகு வரும் சொற்களோ வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வருகின்றன. புகையான் விழுந்த பயிரை ‘நீர் பாரும் ஆண்டவரே’ என்று ஒப்புக்கொடுக்கும் ஒரு வாக்கியத்தில் பேப்ரிசியஸும் பக்கத்து வயலும் கைகோத்து நிற்கிறார்கள்.

இப்போது தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்கும் ஜெபங்கள் ஒரே தாளத்தில், ஒரே சொற்றொடர்களில் ஓடுகின்றன. அவற்றைக் கேட்டுப் பழகிய இளைஞர்கள் நெடுநேரம் ஜெபிக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தாமே வாசித்த பக்கத்திலிருந்து எழும் ஜெபத்துக்கும், இன்னொருவரின் ஜெபத்தைக் கேட்டு எழும் ஜெபத்துக்கும் வேறுபாடு உண்டு. முதலாவது வளர்கிறது, மற்றது சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய பெரியவர்களின் கணக்கு எளியது: நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வேதாகமத்தின் 1189 அதிகாரமும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். அதையும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். வேகம் குறையும், விட்ட சொல்லை யாராவது பிடித்துக்கொடுப்பார்கள்.

கத்தோலிக்கர் பக்கம் வரலாறு வேறு. அங்கே ஜெபம் முதலில், வாசிப்பு பிறகு. ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வாய்க்கால் ஓரத்துச் சாலைகளில் காவி உடுத்திச் செபமாலை சொல்லிக்கொண்டே போவதைத் தஞ்சை மாவட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் பார்த்திருப்பார்கள். ஒரு மாலைக்கு 53 மங்கள வார்த்தை. திரும்பத் திரும்பச் சொல்லும் ஜெபத்தைப் புராட்டஸ்டண்டார் குறைத்துப் பேசுவதுண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஏசுவின் அல்லது மரியாளின் வாழ்விலிருந்து ஒரு காட்சி தரப்பட்டிருக்கிறது. புத்தகம் கிடைக்காத நூற்றாண்டுகளில் சுவிசேஷத்தை விரலில் வைத்துக் காத்த முறை அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பொதுமக்களின் வேத வாசிப்புக்கு ஊக்கம் கிடைத்தது. இன்று அன்பியக் கூட்டங்களில் பத்துப் பதினைந்து வீட்டார் ஒரு வீட்டில் கூடி, 1995இல் வந்த ‘திருவிவிலிய’த்திலிருந்து நற்செய்திப் பகுதியை வாசித்து, ஒவ்வொருவரும் தமக்குப் பட்டதைச் சொல்லி, அதையே மன்றாட்டாக மாற்றுகிறார்கள். லுத்தரன் அப்பாயியின் கூடமும் இந்த அன்பியமும் வெவ்வேறு திசையிலிருந்து கிளம்பி ஒரே பாயில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அந்தப் பாயில் கேட்கப்படும் சொற்களுக்கு இந்த மண்ணில் ஒரு தனி எடை உண்டு. முதலாம் சங்கீதத்தின் ‘நீர்க்கால்’, மடைதிறக்கக் காத்திருக்கிறவனுக்கு உவமை அல்ல. நாற்றங்காலில் விதைத்துப் பறித்து நடும் ஊரில், விதைக்கிறவன் உவமை கொஞ்சம் அந்நியமாக இருக்கும். பாறையிலும் வழியோரத்திலும் விதையை வீசுகிறவனைப் பார்த்து அனுபவசாலி முகம் சுளிப்பார். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் தண்ணீரை நம்பாமல் நேரடியாகத் தெளிக்கிறவருக்கு அது தன் கையின் வேலை. எந்த ஊரில் எந்த வசனம் எப்படிக் கேட்டது என்று யாராவது ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

போன தையில் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், பூசணி. 126ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். ‘அரிகள்’ என்ற சொல் வந்தது. எங்கள் வயல்களில் இப்போது இயந்திரம்தான் அறுக்கிறது. அரி போட்டு நான் பார்த்தே பல வருடமாயிற்று. எனக்கு முன்வரிசையில் இருந்த சிறுமி தன் பாட்டியிடம், “அரின்னா என்ன ஆயா?” என்று மெல்லக் கேட்டாள். கூலிக்கு அறுத்தே வாழ்ந்த அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. இடது கையை நீட்டி, விரல்களை வளைத்து, ஒரு பிடித் தாள் கொள்ளும் அளவுக்குக் குவித்து, மடியில் மெதுவாகக் கிடத்திக் காட்டினார்.