மணி சொல்வதும் நாம் சொல்வதும்

இணையத்தில் உலவும் விந்தைச் செய்திகளுள் தமிழன்பர்கள் பெரிதும் விரும்பிப் பரப்புவது ஒன்று உண்டு. “நியூசிலாந்தைக் கண்டறிந்தவர் தமிழரே, அங்குக் கிடைத்த தமிழ் மணியே அதற்குச் சான்று” என்பது அது. வகுப்பறையில் மாணவர் சொல்லவும் கேட்கிறோம். செவிக்கு இனிக்கிறது. ஆயின், மணி அவ்வாறு சொல்கிறதா என ஆராய்வது ஆசிரியர் கடனன்றோ?

1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவச் சமயத் தொண்டர், நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு அவிக்கும் வெண்கலக் கலம் ஒன்றைக் கண்டார். அது கலமன்று, விளிம்புடைந்த மணி. பெருமரம் ஒன்று காற்றில் சாய்ந்தபோது அதன் வேரடியில் கிடைத்தது என்பது அம்மக்கள் கூற்று. ஒரு சாண் உயரமும் இல்லாத அம்மணி இன்று வெல்லிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. இதுவரை ஐயமில்லை.

அதனைச் சுற்றிப் பொறித்த எழுத்துகள், “முகய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி” எனப் படிக்கப்பெறுகின்றன. இச்சிறு தொடரை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோம். ‘முகைதீன் பக்ஸ்’ என்னும் பெயரே ‘முகய்யதீன் வக்குசு’ ஆயிற்று. பகரம் வகரமாயிற்று, வல்லின மெய்யில் சொல் முடியாது என்னும் நம் மரபுக்கேற்ப ஈற்றில் உகரம் சேர்ந்தது. கிரந்த எழுத்தை நாடாமல் அயற்சொல்லைத் தமிழாக்கிய கை அது. ‘உடைய’ என்னும் சொல்லுருபு இருமுறை வருகிறது. புலவர் எனின் ‘கப்பல்மணி’ என்று சுருக்கியிருப்பார். எனவே எழுதியவர் புலவரல்லர். பேசியவாறே பொறித்தவர் எனக் கொள்ளலாம்.

பெயர் மற்றொன்றையும் உணர்த்துகிறது. ‘முகைதீன்’ என்பது 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். ‘பக்ஸ்’ என்பது கொடை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஆகவே இதனைச் சங்ககாலக் கலமென்றும் சோழர் போர்க்கப்பலென்றும் எழுதுவோர், மணியில் உள்ள பெயரையே படிக்காதவர் ஆவர்.

நிற்க. எழுத்தின் வடிவுகொண்டு மணிக்கு 500 ஆண்டு அகவை கூறுவாரும் உளர். அஃது உண்மையெனவே கொள்வோம். அதனால் பெறப்படுவது யாது? மணி வார்க்கப்பட்ட காலம் வேறு. அது அக்கரை சேர்ந்த காலம் வேறு. கண்டெடுக்கப்பட்ட காலம் வேறு. கப்பல்கள் விற்கப்பட்டன, கொள்ளையிடப்பட்டன, ஆளின்றியும் மிதந்தன. போர்த்துக்கீசியர் கலத்தில் இது சென்றிருக்கலாம் எனக் கருதுவாரும் உளர். மணியில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, மன்னன் பெயரும் இல்லை. மணி சென்றது என்பதற்கு மணி சான்று. தமிழர் சென்றனர் என்பதற்கு அது சான்றாகாது.

இன்னும் ஒன்று. ஐரோப்பியருள் தாசுமன் 1642இல் நியூசிலாந்தைக் கண்டார். குக் 1769இல் சென்றார். இவர்களுக்குப் பன்னூறாண்டு முன்னரே மாவோரியர் அங்குக் குடியேறி வாழ்ந்தனர். அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த மணியைக் காட்டி, அவர்கள் நாட்டை நாம் கண்டுபிடித்தோம் என்பது நகைப்பிற்கிடமன்றோ? ஐரோப்பியர் அவ்வாறு பேசியபோது நாம் முகஞ்சுளித்தோம். நாமே அதனைப் பேசுதல் முறையாகாது.

அங்ஙனமாயின் பெருமை ஒன்றும் இல்லையோ? உண்டு. கப்பல் உடையவன், தன் உடைமையைத் தமிழில் எழுதினான். சோழமண்டலக் கரையிலிருந்து இப்பக்கத் துறைமுகங்களுக்கு வந்த முஸ்லிம் தமிழ் வணிகரைச் சூலியர் என்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியாத் தெரு இன்றும் உண்டு. மணிக்குரியோன் அவர்களைப் போன்ற ஒரு கடலோடியாதல் கூடும். முடிமன்னனைத் தேடும் நாம் இவ்வணிகனை மறந்தோம்.

மாணவன் இச்செய்தியை வகுப்பிற்குக் கொணர்ந்தால் ஆசிரியர் கடிந்து ஒதுக்க வேண்டா. அந்த ஆறு சொற்களைக் கரும்பலகையில் எழுதுக. “இதில் எது எழுதியுள்ளது? எதனை நாம் சேர்த்தோம்?” என்று வினவுக. இவ்விரண்டையும் பிரித்தறியும் மாணவன், நாளை எச்செய்தி வரினும் ஏமாறான்.