கேட்போரும் முன்னமும்

ஒருவர் சொல்லியதை மற்றொருவர் உணர்தல் எளிய செயல் போலத் தோன்றும். இருவரும் ஒரு மொழியினராய், ஒரு மரபினராய் இருந்தவழி அவ்வெளிமையை நாம் ஆராய்வதும் இல்லை. மரபு வேறுபட்ட மக்கள் நாள்தோறும் தம்முள் உரையாட வேண்டியுள்ள இக்காலத்திலேயே, உணர்த்தல் என்பது யாது, அது எவ்விடத்துத் தவறுகின்றது என்னும் வினாக்கள் பெருகியுள்ளன. இவற்றிற்கு விடைகூறப் புகுந்த மேலைநாட்டு நூல்கள் பல. அவற்றுள் சிலவற்றின் கருத்தைத் தொல்காப்பியச் செய்யுளியலோடும் அகப்பாட்டு மரபோடும் ஒப்பவைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய ஒப்பீட்டில் 'எல்லாம் நம்மிடம் முன்னரே உள' என்று கூறி மகிழும் வழக்கம் நம்மவரிடை உண்டு. அம்மகிழ்ச்சியை ஈண்டு ஒதுக்கிவைப்போம். அது ஆராய்ச்சி ஆகாது.

1948-ஆம் ஆண்டில் கிளாடு சானன் என்னும் அமெரிக்க அறிஞர் செய்தித் தொடர்பு பற்றிய கணிதக் கோட்பாட்டினை வெளியிட்டார். தொலைபேசி நிறுவனம் ஒன்றன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். செய்தி ஓரிடத்தினின்று புறப்பட்டு, ஒரு வழியிற் சென்று, இடையே இரைச்சலாற் சிதைவுண்டு, பெறுவோனை அடைகின்றது என்பது அவர் காட்டிய அமைப்பு. சொற்பொருள் பற்றிய ஆராய்ச்சி தம் பொறியியற் சிக்கலுக்கு வேண்டப்படாதது என்று அவரே தெளிவாக வரையறுத்துக்கொண்டார். பின்வந்தோர் பலர் அவ்வரையறையை மறந்து, மாந்தர் உரையாடலுக்கும் அவ்வமைப்பையே பொருத்தினர். கம்பி வழியே செல்லும் குறியீட்டிற்குப் பொருந்துவது அன்னை மகளுக்குச் சொல்லும் சொல்லிற்கும் பொருந்தும் எனக் கொண்டதே பிழையின் தொடக்கம் என்க. உரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில் சொல்வோன், கேட்போன், செய்தி, சூழல், தொடர்பு, குறியமைப்பு என ஆறு கூறுகளை வகுத்தார். இது மேலும் நுண்ணியது. மொழியின் பயனை இவ்வாறும் பகுத்துக் காட்டியமையால் இலக்கியத் திறனாய்வாளர்க்கு இன்றும் துணையாகின்றது.

தொல்காப்பியர் செய்யுளுறுப்பு 34 என்றார். அவற்றுள் மாத்திரை, எழுத்து, அசை, சீர் முதலியன ஓசையும் வடிவும் பற்றியவை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன அத்தகையன அல்ல. யார் சொல்லுகின்றார், யார் கேட்கின்றார், எவ்விடத்து, எப்பொழுது, என்ன கருதி என்பனவெல்லாம் செய்யுளுக்குப் புறத்தே கிடக்கும் செய்திகள் என்று நாம் எண்ணுவோம். ஆசிரியரோ அவற்றைச் சீரும் அடியும் போலச் செய்யுளின் உறுப்பாகவே வைத்தார். கேட்போன் இல்லையேல் செய்யுள் குறையுடையது என்பது இதனாற் போதரும். ஞாயிறும் திங்களும் கடலும் போல்வன கூடக் கேட்பன போலக் கொள்ளப்படும் என்று அவர் விதித்ததும் இதுபற்றியே போலும்.

இவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது முன்னம். இன்ன இடத்து, இன்ன சொல், இன்னார் இன்னார்க்குச் சொல்லுதற்கு உரியது என்று உணர வைப்பது முன்னம் என்பது அவ்விதியின் கருத்து. சொல்லின் பொருளை அகராதி தரும். முன்னத்தை அகராதி தாராது. பண்பாடு கடந்த உரையாடல் முறிவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே என்பது நம் துணிபு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். குறுந்தொகை 40-ஆம் பாட்டு இன்று உலகம் அறிந்த தமிழ்ப்பாட்டு. ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பில் அஃது இடம்பெற்றது; அதன் செம்மண் மழை உவமையே விக்கிரம் சந்திராவின் 1995-ஆம் ஆண்டு ஆங்கிலப் புதினத்திற்குத் தலைப்பும் ஆயிற்று. தாயர்க்குள்ளும் தந்தையர்க்குள்ளும் உறவில்லை, நாமும் முன்னர் அறிமுகமில்லேம், எனினும் நெஞ்சங்கள் செம்புலத்திற் பெய்த நீர்போற் கலந்தன என்பது பாட்டின் பொருள். இராமானுசன் இட்ட தலைப்பு 'அவன் கூறியது' என்னும் அளவே. ஆங்கிலம் படிப்போர் இதனைக் காதலர் இருவரின் கூட்டத்தைப் போற்றும் மகிழ்ச்சிப் பாட்டாகக் கொள்கின்றனர்.

பழைய துறைக்குறிப்பு வேறு கூறுகின்றது. இயற்கைப் புணர்ச்சிக்குப் பின், தலைவன் பிரிவான் என அஞ்சிய தலைவியின் குறிப்பு வேறுபாடு கண்டு அவன் கூறியது இது. இஃது உண்மையாயின் பாட்டின் நிலையே மாறிவிடுகின்றது. முதலிற் பேசியவள் தலைவி. அவள் வாய் திறக்கவில்லை. அச்சத்தை முகமும் மெய்யுமே காட்டின. அவ்வச்சம் யாது? உறவினன் அல்லாதவன், முன்பின் அறியாதவன், இவன் நீங்கிச் சென்றால் தடுப்பார் யார் என்பதே. தலைவன் உறவின்மையை அடுக்கிக் கூறுவது அவள் அச்சத்தையே எடுத்து மொழிவதாகும். 'நீ அஞ்சுவது மெய், நம்மிடை உறவொன்றும் இல்லை' என்று முதலில் உடன்பட்டு, அதன்பின் உவமையால் ஆற்றுவிக்கின்றான். சொல்லப்படாத சொல்லிற்கு விடையாகிய பாட்டு இது. சானனின் அமைப்பில் இத்தலைவிக்கு இடமே இல்லை.

இனி நற்றிணை 172. தோழியரோடு ஆடும்போது மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர். அது நும் தங்கை என்று அன்னை கூறினாள். ஆதலின் அதன் அருகே நும்மோடு நகையாட நாணுகின்றோம் என்று தோழி தலைவனிடம் கூறுகின்றாள். மரத்தை உடன்பிறப்பாக எண்ணும் அன்பு எந்நாட்டார்க்கும் எளிதிற் புலனாகும். ஆனால் தோழி செய்யும் செயல் அன்பு பாராட்டுதல் அன்று, வரைவு கடாதல். மறைவில் வந்து செல்லாதே, மணந்துகொள் என்கின்றாள். இவ்வொரு சொல்லும் அவள் வாயில் வரவில்லை. இன்னும் வியப்பு யாதெனின், துறைக்குறிப்பு இதனோடு நில்லாமல், குறியிடத்தை மாற்றியதும் ஆகும் என்று மற்றொரு கருத்தையும் தருகின்றது. ஒரே சொற்றொடர் இரு வேறு செயல்களைச் செய்யவல்லது என்பதைக் குறிப்பெழுதியோரே ஒப்புக்கொண்டனர்.

எட்வர்டு ஆல் என்னும் மானிடவியலறிஞர் 1959-இல் பேசா மொழி பற்றியும், 1976-இல் சூழல்சார்பு மிக்க பண்பாடு, குறைந்த பண்பாடு என்பன பற்றியும் எழுதினார். அவர் இதனை ஓர் அளவுகோலாகவே கூறினார். பாடநூல்களோ கீழைநாட்டாரை ஒரு பெட்டியிலும் மேலைநாட்டாரை மற்றொரு பெட்டியிலும் அடைத்துவிட்டன. புறநானூறு இப்பகுப்பிற்கு அடங்காது. 206-ஆம் பாட்டில் ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடுகின்றார். உண்மையிற் கேட்கவேண்டியவன் பரிசில் நீட்டித்த அதியமான். 208-இலோ பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமல் அவன் அனுப்பிய பரிசிலை மறுத்து, நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று வெளிப்படையாகவே கூறிவிடுகின்றார். பாடப்பெற்றவன் ஒருவனே, பாடியோர் சூழ்நிலைக்கேற்ப மறைத்தும் கூறினர், திறந்தும் கூறினர். ஓர் இனத்தை ஒரு பெட்டிக்குள் அடைப்போர் இதற்கு என் சொல்வர்?

ஈண்டு ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ளல் வேண்டும். முன்னம் என்பது பொதுமரபை அடிப்படையாகக் கொண்டது. சிறைப்புறத்தான் துறையை நோக்குக. தோழி தலைவியிடம் பேசுகின்றாள். வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் கேட்கவே பேசுகின்றாள். அவனும் அம்மரபில் வளர்ந்தவன் ஆதலால் தனக்கே உரைத்தது என உணர்ந்துகொள்கின்றான். வேலிக்கு அப்பால் நிற்பவன் அயன்மொழியாளனாயின் தோழியின் சூழ்ச்சி வீணாகும். அதற்குத் தொல்காப்பியர் விதி கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவர்க்கு இருந்திலது. இன்று ஓரூரில் ஒருவர்க்கு எழுதிய சொல்லை முன்பின் அறியாத பன்னாட்டார் உடனே படிக்கின்றனர். வேலிக்கு அப்பால் நிற்போர் அனைவரும் அயலார். ஆதலின் செய்யுளியல் நமக்குத் தருவது நோயின் இடத்தை அறியும் அறிவு, மருந்தன்று.

மருந்தின் சாயலைத் துறைக்குறிப்புக்களிற் காண்கின்றோம். இவை பாடியோர் எழுதியவை அல்ல, பிற்காலத்தன என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அதனால் இவற்றைப் புறக்கணித்துப் பாட்டை மட்டும் படித்தல் வேண்டும் என்று வாதிடுவோரும் உளர். பிற்காலத்தன என்பதனாலேயே இவை மதிக்கத்தக்கன என்று நாம் கருதுகின்றோம். அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படுதல் இல்லை. காலம் செல்லச் செல்லத் தமிழரே தம் பழம்பாட்டிற்கு அயலார் ஆயினர். யார், யார்க்கு, எந்நிலையில் என்று அவர்க்கு எடுத்துக் கூறவேண்டியதாயிற்று. துறைக்குறிப்பெழுதியோரே சங்கப்பாட்டின் முதல் மொழிபெயர்ப்பாளர். சிற்சில இடங்களில் அவர்கள் பிழைத்திருக்கலாம்; நற்றிணைக் குறிப்பில் உள்ள 'ஆம்' என்னும் சொல் அவர்தம் அடக்கத்திற்குச் சான்று.

இராமானுசன் இதனை உணராதவர் அல்லர். சொல்வோரைத் தலைப்பாக்கியதும், நூலின் பின்னுரையில் திணைமரபை விளக்கியதும் அவர்தம் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும். எனினும் செம்புலப் பெயனீரார் பாட்டு நூலினின்று பிரிந்து தனித்து உலவும்போது பின்னுரை உடன் செல்வதில்லை. தலைவியின் அச்சமும் செல்வதில்லை. இனி மொழிபெயர்க்கப் புகுவோர் துறைக்குறிப்பை முழுமையாகப் பெயர்த்துப் பாட்டின் தலையிலேயே வைத்தல் வேண்டும். குறிப்பு இரண்டாயின் இரண்டையும் வைத்தல் வேண்டும். பாட்டின் அழகு கெடும் என்பர் சிலர். புன்னையின் நிழலில் நின்று தோழி வேண்டியது மணமா, வேறோர் இடமா என்று அயல்நாட்டு மாணவன் ஒருவன் தன் ஆசிரியனை வினவுவானாயின், அவ்வழகு கெட்டதாக நாம் கருதோம்.