எகிப்தியச் சுவரோவிய நகல்கள்

எகிப்தியச் சுவரோவிய நகல்கள், பண்டைய எகிப்தின் கோயில், கல்லறைச் சுவர்களிலுள்ள ஓவியங்களையும் வண்ணம் தீட்டிய புடைப்புச் சிற்பங்களையும் நேரில் பார்த்துக் கையால் வரைந்த பிரதிகள். வண்ணப் புகைப்படம் பரவலாகாத காலத்தில் சுவரின் நிறத்தைப் பதிவுசெய்ய இவையே வழியாக இருந்தன. பின்னாளில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டறிந்த ஹோவர்ட் கார்ட்டர், 1893 முதல் 1899 வரை தெய்ர் எல்-பஹ்ரியில் ஹட்செப்சுட் கோயிலின் சுவர்களை நகலெடுத்தார்.

இரு அணுகுமுறைகள்

நினா டி காரிஸ் டேவிஸ் (1881–1965) தன் கணவர் நார்மனுடன் இணைந்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக நகல்களை வரைந்தார். கோடுகளைச் சுவரிலிருந்தே தடமெடுத்து, டெம்பரா வண்ணங்களைப் பழைய ஓவியர்கள் பூசிய வரிசையிலேயே அடுக்கினார். உதிர்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் உதிர்ந்தபடியே விட்டார்.

அமெரிக்க ஓவியர் ஜோசப் லிண்டன் ஸ்மித் (1863–1950) எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவரது பல படைப்புகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. விரிசலும் விளிம்பில் விழும் நிழலும் சேர்ந்து, தொட்டால் கல் தட்டுப்படும் என்ற மயக்கத்தை அவை தருகின்றன.

மதிப்பீடு

நெஃபெர்தாரி அரசி செனட் விளையாடும் காட்சியை நினா 1921–22இல் நகலெடுத்தார். நிறத்திலும் கோட்டிலும் அது மிக நுட்பமானது. ஆனால் அந்தக் கல்லறையின் உருவங்கள் தட்டையானவை அல்ல. சுண்ணச் சாந்தில் மெல்லிய புடைப்பாகச் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்டவை. தாளில் அந்தப் புடைப்பு மறைந்துவிடுகிறது.

ஸ்மித் மீட்டெடுப்பது இந்த இழப்பைத்தான். எகிப்தியர் கோயிலின் வெளிச்சுவர்களில் உருவங்களைக் குழித்துச் செதுக்கியதே வெயிலின் நிழலைக் கோடாகப் பயன்படுத்தத்தான். நிழலை விட்டுவிட்ட நகல் அங்கே பாதி நகலே. எனினும் ஸ்மித்தின் படத்தில் நிலைப்பது ஒரே ஒரு வேளையின் வெளிச்சம். எது கல்லில் இருந்தது, எது தூரிகையின் தேர்வு என்று பிரித்தறிவதும் கடினம்.

ஆவணமாகக் கொள்ளும்போது நினாவின் முறையே நம்பகமானது. அவர் எதை விட்டுவிட்டார் என்பது பார்த்த உடனே தெரிகிறது. மயக்கம் முழுமையடையும்போதோ, நகலெடுத்தவர் செய்த தேர்வுகள் கண்ணிலிருந்து மறைகின்றன.

இது ரசனை சார்ந்த கேள்வி மட்டுமல்ல. நெஃபெர்தாரி கல்லறையின் சாந்தை உப்புப் படிவுகள் பெயர்த்ததால் 1986 முதல் 1992 வரை பெரும் பாதுகாப்புப் பணி நடந்தது. இவ்வாறு மூலம் மாறும்போது, நகல் அதன் முந்தைய நிலைக்குச் சாட்சியாகிறது. எனவே நகலின் அருகே அரசியின் பெயருடன் வரைந்தவர் பெயரும், வரைந்த ஆண்டும், அவர் நிரப்பிய இடங்களும் குறிக்கப்பட வேண்டும். நினா, நார்மன் இருவரின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமும் ஒன்றே என்பதால் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.