ஓர் எழுத்தை நம்பலாமா?

அமெரிக்கத் தக்காளி விதை உறைகளில் ரகத்தின் பெயரை அடுத்து 'வி.எஃப்.என்.' என்ற எழுத்துகளைக் காணலாம். முதல் இரண்டும் வெர்ட்டிசிலியம், ஃபியூசேரியம் என்னும் காளான்களால் வரும் வாடல் நோய்களை அந்த ரகம் எதிர்க்கும் என்பதற்கு அடையாளம். 'என்' என்பது வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் என்பதற்கு அடையாளம். பயிர்ப் பெருக்கத்தின் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக இதைப் போற்றுகிறார்கள். அந்தப் புகழ்ச்சி எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சீர்தூக்கிப் பார்ப்போம்.

நூற்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அது வேர் நுனியருகே புகுந்து, நீரும் உணவும் செல்லும் குழாய்த் திசுவை அடைகிறது. அங்குள்ள சில செல்களைப் பல உட்கருக்கள் கொண்ட இராட்சதச் செல்களாக மாற்றி, அவற்றை உறிஞ்சியே வாழ்கிறது. சுற்றியுள்ள திசு வீங்கி முடிச்சாகிறது. நீர் ஏறாமல் செடி வாடுகிறது.

பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றில் இப்புழுவுக்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் அதைத் தோட்டத் தக்காளியுடன் கலந்தால், விதை முற்றுமுன்பே கரு மடிந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஜி. ஸ்மித் அந்தக் கருவைப் பிரித்தெடுத்து, சோதனைச்சாலையில் ஊட்டம் தந்து வளர்த்தார். இதை அவர் 1944இல் வெளியிட்டார். அப்படிப் பிழைத்த ஒரே கலப்பினச் செடியிலிருந்துதான் 'மி' என்னும் ஜீன் பிற்கால ரகங்களுக்கு வந்தது. இந்த ஜீன் உள்ள செடியில், புழு வாய் வைத்த இடத்துச் செல்கள் விரைவிலேயே தாமாக மடிகின்றன. இரையின்றிப் புழு பட்டினி கிடந்து சாகிறது.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. நூற்புழுவைக் கொல்ல ஒரு காலத்தில் டி.பி.சி.பி. என்னும் மருந்தை மண்ணில் செலுத்தினர். அதைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிலாளர் பலர் மலடாகிவிட்டது 1977இல் தெரிய வந்தது. விதைக்குள்ளேயே அமைந்த பாதுகாப்பினால் எவருக்கும் இத்தகைய கேடு இல்லை.

ஆயினும் குறைகளும் உண்டு. முதலாவது, வெப்பம். மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு தளர்கிறது என்பதை 1969இல் டிராப்கின் எடுத்துக்காட்டினார். நம் சமவெளிகளின் கோடை மண் இதைவிடச் சூடானது என்பதை நாம் மறக்கலாகாது. இரண்டாவது, வேர்முடிச்சு நூற்புழுவில் பல இனங்கள் உண்டு. 'மி' மூன்று முக்கிய இனங்களை எதிர்க்கிறது. குளிர் நாடுகளில் மிகுந்துள்ள ஹாப்லா இனத்தை அது தடுப்பதில்லை. மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரிது. ஊரெங்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும். ஒரே ஜீனை நம்பி ஆண்டுதோறும் அதே நிலத்தில் தக்காளி பயிரிட்டால், அதை வெல்லக்கூடிய புழுக்கள் மட்டுமே பிழைத்துப் பெருகும். அத்தகைய புழுக்கள் கலிபோர்னியத் தக்காளி வயல்களில் இருப்பதாக 1996இல் அறிவிக்கப்பட்டது.

இவை ஸ்மித்தின் பணியில் உள்ள குறைகள் அல்ல. அதைப் பயன்படுத்துவோரின் குறைகள். 'என்' என்ற எழுத்து எந்த இனங்களுக்கு, எந்த வெப்பம் வரை பொருந்தும் என்பதையும் உறையில் அச்சிட வேண்டும். அதை நம்பிப் பணம் போடும் விவசாயிக்கு இந்த விவரம் தெரியாவிட்டால், நட்டம் அவர் தலையில்தான் விழும்.

செய்ய வேண்டியவையும் தெளிவாகவே உள்ளன. எதிர்ப்பு ரகத்தைப் பயிர்ச் சுழற்சியோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் வேறு எதிர்ப்பு ஜீன்கள் காட்டுத் தக்காளிகளில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றையும் பயிருக்குக் கொண்டுவரப் பாடுபட வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே செடியின் சீதனத்தைச் செலவழித்துக்கொண்டே இருப்பது, நல்ல விஞ்ஞானமும் ஆகாது. நல்ல வேளாண்மையும் ஆகாது.