திட்டுக்கும் இயைபு வேண்டும்

டெட்ராய்ட்டின் செவன் மைல் சாலையில் 1990களில் ‘ஹிப் ஹாப் ஷாப்’ என்றொரு துணிக்கடை. நடத்தியவர் உடை வடிவமைப்பாளர் மாரிஸ் மலோன். சனிக்கிழமைகளில் அங்கே மைக்குக்கு அடிதடி. மேடையை மேய்த்தவர் ராப்பர் ப்ரூஃப். அவருடைய நண்பரான ராப்பர் எமினெமும் அங்கே மோதிப் பழகியவர்தான்.

இருவர் ராப் வரிகளால் ஒருவரையொருவர் தாக்கும் இந்தப் பேட்டில் ராப்பில் சும்மா திட்டினால் கூட்டம் கொட்டாவி விடும். எதிராளியின் சட்டை, தொப்பி, சற்றுமுன் அவர் தடுமாறிய வரி எல்லாமே தாளம் தப்பாமல், இயைபோடு திரும்பி வர வேண்டும். வரியின் முற்பாதி ஏதோ பேச்சுவாக்கில் போகும். அடி விழுவது கடைசிச் சொல்லில். கைதேர்ந்தவர்கள் அந்தச் சொல்லை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து வரியைக் கட்டுவார்கள்.

‘8 மைல்’ (2002) படத்தின் கடைசி மோதலில் எமினெமின் பாத்திரம் தன் ஏழ்மை, அவமானம் அத்தனையையும் தானே கொட்டிவிடும். எதிராளி வாயடைத்து நிற்பார். எத்தனை அழகான அயோக்கியத்தனம்! நிஜத்தில், 1997 லாஸ் ஏஞ்சலஸ் ராப் ஒலிம்பிக்ஸ் போட்டியில் எமினெமுக்கு இரண்டாமிடம்தான்.

யூஆர்எல் (URL) என்ற பேட்டில் ராப் லீக்கின் இன்றைய மேடைகளில் தாளமும் கிடையாது. எழுதி, மனப்பாடம் செய்து, வெறுங்குரலில் மோதுகிறார்கள். வரி மறந்தால் ஒளிந்துகொள்ளப் பின்னணி இசைகூட இல்லை.