‘குரூப்ல போட்டாச்சுங்க’

கிணத்துக்கடவில் அண்மையில் ஒரு விவசாயிகள் கூட்டம். பேச எழுந்த ஒருவர் தம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அட்மின் மட்டுமே பதிவிடும்படி அதை மாற்றிவிட்டார்களாம். காலை வணக்கப் படங்கள் ஒழிந்தன, கட்சிச் சண்டை ஒழிந்தது, ‘எனக்குத் தெரியாது’ என்று புகார் சொல்ல இனி ஒருவருக்கும் வழியில்லையாம். “சொல்ல வேண்டியதெல்லாம் குரூப்லயே இருக்குதுங்க. பாத்துக்க வேண்டியது அவங்கவங்க பொறுப்புங்க” என்று முடித்தார். கைதட்டல் பலமாக எழுந்தது. எனக்குத் தட்ட மனம் வரவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தப் பழக்கத்தின் மொத்தக் கோளாறும் இருக்கிறது என்று பல வருடங்களாக நினைத்து வருகிறேன்.

குழுக்களால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்மூர்த் தக்காளி மண்டியில் 15 கிலோப் பெட்டி இன்றைக்கு என்ன விலைக்கு ஏலம் போனது என்பது, செடியில் காய் பறிக்கும்போதே கைக்கு வந்துவிடுகிறது. வண்டி வாடகை கொடுத்து வந்து, கேரள வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போகும் கொடுமை குறைந்திருக்கிறது. தென்னையில் வெள்ளை ஈ விழுந்தால் ஓலையைப் படமெடுத்துப் போட்டு வேளாண்மை அலுவலரிடம் கேட்க முடிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கு உணவும் படகும் போய்ச் சேர்ந்ததில் இந்தக் குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அரட்டையை அடக்குவதற்கு அட்மின் பூட்டு நல்ல வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வதந்தியைப் பற்றியும் நான் பேச வரவில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற புரளியை நம்பி, போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த வருடம் நாடெங்கும் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகு, ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை இன்னும் இறுக்கியது. வதந்தி என்னும் அந்த நோய் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அதற்கு ஏதோ ஒரு மருந்தும் கிடைத்தது. பொய் பரவுவதைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், உண்மையான செய்தி உரியவரிடம் சேராமல் போவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் குறை அதுதான்.

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டப் பாசனத்தில் தண்ணீர் மண்டலம் மண்டலமாக, முறை வைத்துத்தான் வரும். கிளை வாய்க்காலிலும் மடைக்கு மடை முறை உண்டு. அப்படி ஒரு முறையில், தண்ணீர் ஒரு நாள் முன்னதாகத் திறக்கப்படும் என்ற தகவல் இரவு பத்தரை மணிக்கு மேல் ஒரு குழுவில் பதிவானது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. குழுவில் அவர் பெயரில் இருந்ததோ கோவையில் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் மகனுடைய எண். விடிந்து அவர் போய்ப் பார்த்தபோது தண்ணீர் அவர் மடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: “குரூப்ல போட்டாச்சுங்களே, பாக்கலீங்களா?” பெரியவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: “எங்கிட்ட ஆரும் சொல்லலியே, கண்ணு.”

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. குழுவில் போட்டதும் நிஜம், அவரிடம் ஒருவரும் சொல்லாததும் நிஜம். போடுவதும் சொல்வதும் ஒன்று என்று நாம் எப்போது முடிவு செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

சொல்வது என்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். அவர் காதில் விழுந்ததா, புரிந்ததா என்று பார்த்த பிறகுதான் சொன்னவரின் வேலை முடியும். நம் மண்டியிலேயே பாருங்கள். ஏலம் விடுகிறவர் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவி, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிக்கிறார். சில நூறு ரூபாய் தக்காளிக்கே மூன்று தரம் கூவுகிறோம். ஒரு குடும்பத்தின் தண்ணீர் முறைக்கு ஒரு தரம் போட்டால் போதும் என்கிறோம்.

செல்பேசியில் வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குழுவில் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யார் யார் படித்தார்கள், யாருக்கு வந்து சேர்ந்து படிக்காமல் கிடக்கிறது என்று பெயர் வாரியாகக் காட்டுகிறது. தனி உரையாடலில் நீல டிக் தெரியாமல் மறைத்துக்கொள்ளலாம். குழுவில் அப்படி மறைக்க முடியாது. எல்லாரும் படித்த பிறகுதான் குழுச் செய்தியின் டிக் நீலமாகும். படிக்காதவர் பெயரைக் கண்டுபிடிக்க அட்மினுக்கு அரை நிமிடம் போதும். எனக்குத் தெரிந்த அட்மின்களிடமெல்லாம் இதைத் திறந்து பார்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறேன். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும், ஒருவர் தவிர, பார்ப்பதில்லை. ஆகவே கருவியின் மீது மட்டும் பழி போட முடியவில்லை. குழு என்ற ஏற்பாடே அனுப்புகிறவர் மனதை அப்படிப் பழக்கிவிடுகிறது. விரல் எடுத்த கணத்தில் கடமை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது.

குறுஞ்செய்திக் காலத்தில் இந்த நிம்மதி இவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70 குறிதான். 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 செய்திதான் என்று வரம்பு வைத்து, அதே வருடம் நவம்பரில் 200 ஆக்கியது. எண்ணி அனுப்ப வேண்டியிருந்ததால், யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தோம். அப்படிப் பார்க்கும்போதே ‘இவருக்குச் செய்தி போதாது, போனே போட்டுவிடலாம்’ என்று தோன்றும். வாட்ஸ்அப் குழுவில் 2016இல் 256 பேருக்கு இடமிருந்தது. 2022இல் அது 512 ஆகி, அந்த வருடமே 1,024 ஆனது. ஆயிரம் பேருக்கு ஒரே விரலில் அனுப்புகிறவர் எந்த முகத்தை நினைப்பார்?

யார் விடுபடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஓர் எண் என்றால் அது பெரும்பாலும் ஆண் பிள்ளையின் எண்ணாக இருக்கிறது. மாடு கறப்பதும், மடை திருப்புவதும், பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போவதும் அம்மா. தகவல் வருவதோ கம்பெனியில் இருக்கும் அப்பாவுக்கு. தக்காளி பறிக்க வரும் பெண்களில் பலர் கையில் பட்டன் போன். அதில் குறுஞ்செய்தி வரும், வாட்ஸ்அப் குழு வராது. ஆறு கிராம சபைகள் நடக்கும் நாட்கள், ஜனவரி 26 முதல் நவம்பர் 1 வரை, எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கு வைக்கப்போகிறார்கள் என்பது ஊர்க் குழுவில் மட்டும் வந்தால், அந்தக் கணக்கில் பெயர் இருக்க வேண்டிய பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? குழுவில் இருப்பவர்களே ஊர் என்று ஆகிவிட்டது. வெளியே இருப்பவர்கள் விடுபட்டதாகக்கூட நமக்கு உறைப்பதில்லை.

அட்மின் மட்டும் பேசும் குழுவில் இந்தக் கோளாறு இரட்டிப்பாகிறது. திறந்த குழுவில் ‘எத்தனை மணிக்குங்க?’ என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியைப் பார்த்து இன்னும் நான்கு பேர் விழித்துக்கொள்வார்கள். பூட்டிய குழுவில் கேள்விக்கு இடமில்லை. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் பேசியவர் புகார் நின்றுவிட்டது என்று மகிழ்ந்தார். புகார் சொல்லும் வாயை அடைத்தால் புகார் நிற்கத்தான் செய்யும்.

பொறுப்பு என்று பேச்செடுத்தால் சிலர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் தவறாகப் பதிவிட்டால் அதற்கு அட்மின் மறைமுகப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021லும், கேரள உயர் நீதிமன்றம் 2022லும் சொன்னது உண்மை. அது பிறர் எழுதியதைப் பற்றிய தீர்ப்பு. தான் சொல்ல வேண்டிய செய்தியை உரியவரிடம் சேர்க்கும் கடமையிலிருந்து எந்த நீதிமன்றமும் எவரையும் விடுவிக்கவில்லை.

பழைய முறைக்கே திரும்புங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எழவு சொல்லவும் தண்டோரா போடவும் ஒரு சாதியாரை ஏவிய ஊர்கள் நம்முடையவை. வெயிலில் நடந்து வந்து செய்தி சொன்னவரைத் திண்ணையில்கூட உட்கார வைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா இனித் தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது காலம் கடந்து வந்த நியாயம். செல்பேசி அந்த இழிவை ஒழிக்க உதவியதற்காக அதைக் கும்பிடலாம். ஆனால் பிறர் முதுகில் ஏற்றியிருந்த கடமை நம் கைக்கு வந்தபோது, அதை நாம் செய்திருக்க வேண்டும். நாமோ அதைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டோம்.

நேரில் அழைப்பதன் அருமை கொங்கு நாட்டுக்குத் தெரியாததா? தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து, வீட்டில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘குடும்பத்தோட வந்தரோணுங்க’ என்று சொன்னால்தான் அழைப்பு. நேரில் வந்து சொல்லாத கலியாணத்துக்குப் பங்காளிகூடப் போகமாட்டார். கௌரவத்துக்காக மட்டும் வைத்த ஏற்பாடு இல்லை இது. வந்து சொல்கிறவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வர முடியும் என்று பார்த்துவிட்டுப் போவார். கலியாணத்துக்கு இன்றும் அலைகிறோம். தண்ணீருக்கும் சபைக்கும் சாவுக்கும் மட்டும் குழு போதும் என்கிறோம். போன வருடம் என் சித்தி முறையான ஒருவரின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. உறவுக் குழுவில் எண்பது படங்களுக்கு அடியில் அந்தச் செய்தி கிடந்தது. காரியத்தன்று போய் நின்றபோது ஒருவர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

‘குழு தவறில்லை, நடத்தும் விதம்தான் தவறு’ என்பது வழக்கமான வாதம். நடத்தும் விதத்தைத்தான் நானும் சொல்கிறேன். பூட்டு, பெயர், விதிமுறை ஆகியவற்றோடு நிர்வாகம் முடிந்துவிடாது. ஒருவர் நேரத்துக்கு வந்தாக வேண்டிய, ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய செய்தி எதுவோ அதைக் குழுவில் போட்ட பிறகு, அட்மின் ஒரு மணி நேரம் கழித்துப் படித்தவர் பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் இல்லாத ஒவ்வொருவருக்கும் போன் போட வேண்டும். பட்டன் போன்காரருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். போன் எடுக்காதவரின் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு இது முடியாது என்றால், ஆயிரம் பேருக்கு ஓர் அட்மின் என்ற ஏற்பாடே தப்பு. இருபது வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ளட்டும்.

பட்டியலைப் பார்ப்பவர் ஒருவர் உண்டு என்றேனே, அவர் ஒரு பால் சொசைட்டிக் குழுவை நடத்துகிறார். படிக்காத ஏழெட்டுப் பேருக்கு ஒவ்வொரு முறையும் போன் போடுகிறார். அதிகம் போனால் பதினைந்து நிமிடம் ஆகும் என்றார். எங்கள் வாய்க்காலில் அன்றிரவு அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒருவர் ஒதுக்கியிருந்தால், பெரியவரின் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும்.